ஹயதோரிக்குக் கடைசி வணக்கம்

தொப்!

சத்தம் கேட்டபோது கூடத்தில் இருந்த நாற்பது தலைகளும் குனிந்திருந்தன.

அதனால் விழுந்ததை யாருமே பார்க்கவில்லை.

கசாநே மலை உச்சியில் இருக்கும் செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு நிலையத்தின் விருந்தினர் கூடம் அது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். வெளியே மார்ச் மாதத்து மிச்சப் பனி. பனிக்கு நடுவே மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கிழட்டு டிஷ் ஆண்டெனா. பதினேழு வருஷமாகத் தெற்கு வானத்தில் ஒரே இடத்தை முறைத்துக்கொண்டு நின்ற ஆண்டெனா.

அந்த இடத்தில் இருந்தது ஹயதோரி.

பூமி சுற்றும் வேகத்துக்கே தானும் சுற்றி, ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்ற ஜப்பானியத் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள். தீவுகளுக்கு டெலிபோன் கொடுத்தது. மீன்பிடிக் கப்பல்களுக்கு டிவி காட்டியது. பூகம்பம் வந்து கம்பங்கள் எல்லாம் சாய்ந்தபோது அது ஒன்றுதான் பேசியது.

இன்று அதற்கு ரிட்டயர்மெண்ட்.

வயதான செயற்கைக்கோளை நின்ற இடத்திலேயே விட முடியாது. அக்கம்பக்கத்துச் செயற்கைக்கோள்கள்மேல் போய் மோதும். மிச்சமிருக்கும் எரிபொருளை எரித்து, இன்னும் முந்நூறு கிலோமீட்டர் மேலே தள்ளி ஒதுக்கிவிட வேண்டும். அந்த ஒதுக்குப்புறத்துக்குத் தொழிலில் இருப்பவர்கள் வைத்திருக்கும் பெயர்... கல்லறை!

நிலையத் தலைவர் குரமொச்சி மேடையில் நின்று பித்தானை அழுத்தினார். வயது ஐம்பத்தெட்டு. நரைத்த தலை, அப்பா மாதிரியான முகம். அடுத்த மாதம் டோக்கியோ தலைமை அலுவலகத்தில் இயக்குநர் நாற்காலி அவருக்குக் காத்திருந்தது. பித்தானை அழுத்திய கையோடு மரச் சுத்தியலை எடுத்து, சாக்கே பீப்பாயின் மூடியை ஒரே போடாகப் போட்டு உடைத்தார். காலையில் விருந்தாளிகள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வாசலிலேயே அதே சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரவேற்றவர் அவர். உற்சாகமான மனிதர்!

எல்லோரும் சதுர மரக் கிண்ணங்களில் மதுவை மொண்டு குடித்தார்கள். கைதட்டினார்கள்.

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. பொறியாளன் மகாபேயின் குரல்.

"ஹயதோரி... பதினேழு வருஷம் எங்களுக்காக உழைச்சீங்க. ரொம்ப நன்றி."

வெளியே அந்தக் கிழட்டு ஆண்டெனா மெல்ல அசைந்தது. தன் பெரிய வட்ட முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தி, இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்கியது.

நிலையத்து இளையவர்கள் தலைவருக்கே தெரியாமல் செய்துவைத்திருந்த ஏற்பாடு. கிழவர்களின் கண்கள் கலங்கின. ஒருவர் வணங்கினால் பதிலுக்கு வணங்காமல் இருக்க முடியுமா? நாற்பது பேரும் இடுப்பு வளைய, தலை தாழ, பதில் வணக்கம் வைத்தார்கள். நிலையத் தலைவரும் வைத்தார். வேறு வழியில்லை.

தொப்!

தலைகள் நிமிர்ந்தன.

ஆண்டெனாவின் உதட்டுக்கு நேர் கீழே, வெள்ளைப் பனியில் சிவப்பு மேலங்கி அணிந்த ஓர் உருவம் குப்புறக் கிடந்தது.

இசுருகி மிஹாரு. இந்த நிலையத்தின் எரிபொருள் கணக்குப் பொறியாளர். வயது முப்பத்துநான்கு.

பின்மண்டை உடைந்திருந்தது.

*

மலைப்பாதையில் போலீஸ் கார் ஏறி வர நேரமானது. இன்ஸ்பெக்டர் நிஷிகோரி கதவைத் திறந்து இறங்கும்போதே கடுகடுத்தாள். நாற்பத்தைந்து வயது. உப்புப் பிளம் மிட்டாய் எப்போதும் வாயில் இருக்கும். அது கரையும் வேகத்தை வைத்தே அவளுடைய கோபத்தை அளக்கலாம்.

"ஒருத்தி செத்துக் கிடக்கறா. நீ பெட்ரோல் பங்க்ல நின்னு கண்ணாடி துடைச்சிட்டிருந்தே!"

சார்ஜெண்ட் தொதோகி தலையைச் சொறிந்தான். "மேடம், மலையில பாதி வழியில நின்னா தள்றது யாரு? நீங்களா? அதான் டேங்க்கை ரொப்பிட்டேன்."

"வாயை மூடிட்டு வா."

போலீஸ் டாக்டர் உடலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். இந்தக் குளிரிலும் மேலங்கிக்குள் உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது. செத்து ஒரு மணி நேரம்கூட இருக்காது என்றார். அதாவது விழா நடந்துகொண்டிருந்தபோது!

தட்டையான கனமான எதனாலோ அடித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

விழா நேரத்தில் கூடத்தில் நாற்பது விருந்தாளிகள். மேடையில் நிலையத் தலைவர். மேல்மாடிக் கட்டுப்பாட்டு அறையில், இன்னொரு புது ஆண்டெனா மூலம் ஹயதோரியைக் கவனித்துக்கொண்டு மூன்று பேர். முந்தின இரவிலிருந்தே அவர்கள் ஒருவர் கண்ணெதிரே ஒருவர் இருந்தார்கள்.

தனியாக இருந்தது ஒரே ஒருவன். பழைய ஆண்டெனாவின் காலடியில் இருக்கும் சின்ன அறையில், அதைக் குனியவைக்கும் கைப்பிடியோடு.

மகாபே.

"இவன் யாரு அவளுக்கு?" நிஷிகோரி கேட்டாள்.

பதிலை நிலையத் தலைவர் குரமொச்சிதான் சொன்னார். தயங்கித் தயங்கி, மனசே இல்லாதவர் போல. மகாபேயும் மிஹாருவும் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவர்கள். மே மாசம் நாள் குறித்தாயிற்று. ஆனால் நேற்று சாயங்காலம் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. கேன்டீனில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

"நல்ல பையன் மேடம். கொஞ்சம் முன்கோபம். நான்தான் அவனை வேலைக்கு எடுத்தேன்... எனக்கு மகன் மாதிரி."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மகாபேயைக் கூட்டி வந்தார்கள். முப்பத்தாறு வயது, ஒடிசலான உடம்பு. அழக்கூடத் தெரியாமல் விறைத்துப் போயிருந்தான்.

"சண்டை போட்டீங்களா?"

"போட்டோம்."

"எதுக்கு?"

மகாபே தலைவரை ஒரு தடவை பார்த்தான். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஹயதோரியில எரிபொருள் இல்லைன்னு சொன்னா. கல்லறை வரைக்கும் போகாது, பாதியில நின்னுடும், விழாவை நிறுத்தணும்னா. இவ்வளவு பேரைக் கூப்பிட்டாச்சே, விழா முடியட்டும், அப்புறம் பேசலாம்னு நான் சொன்னேன். ‘நீயுமா?’ன்னு கேட்டா. அவ என்கிட்ட கடைசியா பேசினது அதுதான்."

"எரிபொருள் இருக்கா இல்லையான்னு தெரியாமலா இத்தனை பேரைக் கூப்பிட்டீங்க?"

செயற்கைக்கோளில் பெட்ரோல் முள் கிடையாது. இதுவரை எவ்வளவு எரித்தோம் என்று கழித்துக் கழித்துத்தான் மிச்சத்தைக் கணக்குப் போடுவார்கள். மிஹாருவுக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. வேறு வழியில் சோதித்தாளாம். விண்வெளியில் இருக்கும் தொட்டியைக் கொஞ்சம் சூடாக்கிப் பார்த்தாளாம்.

"காலிப் பாத்திரம் சீக்கிரம் சூடாகும் இல்லையா மேடம், அந்த மாதிரி. தொட்டி சட்டுனு சூடாச்சு. அப்ப எரிபொருள் எங்கே போச்சு? என்னைக்கோ யாரோ தப்பா எரிச்சுட்டு மறைச்சிருக்காங்கன்னா."

குரமொச்சி மென்மையாகக் குறுக்கிட்டார். "அந்தச் சோதனையில பிழை இருந்தது மேடம். நானே அவகிட்ட எடுத்துச் சொன்னேன்."

நிஷிகோரி மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளினாள். எரிபொருள் ஆராய்ச்சிக்கு அவள் வரவில்லை. பிணம் வெதுவெதுப்பாக இருக்கிறது. தனியாக இருந்தவன் ஒருவன். முந்தின நாள் சண்டை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

தொதோகி விலங்கை எடுத்தான்.

குரமொச்சி எழுந்து போய் மகாபேயின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"எல்லாத்தையும் ஒத்துக்கோப்பா. மனசு லேசாயிடும். வக்கீல் செலவை நான் பார்த்துக்கறேன்."

மகாபே அவருக்குத் தலைகுனிந்து நன்றி சொன்னான். சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினான்.

சீக்கிரம் பூட்டிவிடுங்கள் என்று அந்தக் கைகள் கெஞ்சின. அவனைப் பொறுத்தவரை, அவளை அவன்தான் கொன்றான். ‘நீயுமா?’ என்று கேட்டவளைக் கேன்டீனிலிருந்து தனியாகப் போகவிட்டவன் அவன்தானே.

அவன் விரல்கள் சிவந்து, வீங்கியிருந்தன.

"கைக்கு என்ன?" நிஷிகோரி கேட்டாள்.

"சுட்டுக்கிட்டேன். அவளைத் தூக்கலாம்னு ஓடினேன். தடுமாறி ஆண்டெனா விளிம்பைப் பிடிச்சுட்டேன். ஹீட்டர் ஓடிட்டிருந்தது."

மிட்டாய் நின்றது.

"என்ன ஹீட்டர்?"

*

ஆண்டெனாவின் உள்வட்டத்தில் பனி படிந்தால் சிக்னல் கெடும். அதனால் தகடுகளுக்குப் பின்னால் ஹீட்டர் உண்டு. பனிப்பிரதேசத்தில் எல்லா நிலையத்திலும் இருக்கிற விஷயம். அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தோன்றவே இல்லை. கேட்கிறவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

காலையில் விருந்தாளிகளைப் புல்லட் ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் அழைத்து வந்தவனே மகாபேதான். விடிவதற்கு முன்பே பஸ்ஸோடு கிளம்பிப் போய், நாற்பது பேரோடு திரும்பி வந்தான். வந்து இறங்கியதும் தலைவர் சொன்னாராம்: ‘பழைய ஆண்டெனாவுல பனி மூடியிருக்கு, இவங்க எல்லாம் போட்டோ எடுப்பாங்க, ஹீட்டரைப் போடுப்பா.’

போட்டான்.

"எப்ப அணைச்சீங்க?"

"அணைக்கலையே. நீங்க வர்ற வரைக்கும் ஓடிட்டுத்தான் இருந்தது."

நிஷிகோரி டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடுப்பில் வைத்த மாதிரி ஆண்டெனாத் தட்டின் ஹீட்டர்மேல் கிடந்த உடம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரம் சொல்லியிருக்கிறார்!

"அந்த ஸ்விட்சை எனக்குக் காட்டுங்க," என்றாள் நிஷிகோரி.

"நானே காட்டறேன்," என்று குரமொச்சி முன்னால் நடந்தார். அவருக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. நிஷிகோரி மகாபேயையும் உடன் அழைத்துக்கொண்டாள். தொதோகியின் காதில் ஏதோ சொன்னாள். அவன் கூடத்துப் பக்கம் ஓடினான்.

சின்ன அறை. சுவரில் ஓர் இரும்புப் பலகை. அதில் வரிசையாக ஆறு சாவிகள், நிலையத்தில் இருக்கும் ஆறு பேருக்கும் ஆளுக்கொன்று. ஒவ்வொன்றின் மேலும் ஒருவர் பெயர். கடைசிக்கு முந்தினது, இசுருகி மிஹாரு.

"இது எதுக்கு சார்?"

குரமொச்சி நெஞ்சை நிமிர்த்தினார். வேறொரு நிலையத்தில், மேலே ஆள் இருப்பது தெரியாமல் ஆண்டெனாவைத் திருப்பி ஒருவனுக்குக் கை போனதாம். அன்றைக்கே தன் நிலையத்துக்கு இந்த ஏற்பாட்டை அவரே வரைந்து, அவரே முன்னால் நின்று செய்யவைத்தார். மேலே ஏறுகிறவர் தன் சாவியைப் பலகையிலிருந்து உருவ வேண்டும். அந்தச் சாவி போட்டால்தான் ஏணிக்கதவு திறக்கும். ஒரே ஒரு சாவி பலகையில் இல்லையென்றாலும் ஆண்டெனா அசையாது, ஹீட்டருக்கு மின்சாரம் வராது.

"சாவி இல்லாம ஏற முடியாதா? சுவர் ஏறிக் குதிச்சு..."

"என் நிலையத்துலயா?" குரமொச்சி சிரித்தார். "எறும்புகூட ஏறாது மேடம். முப்பது வருஷத்துல ஒரு விரல் நசுங்கினது கிடையாது இங்க."

பழக்கதோஷம். பலகை முன்னால் நின்றதும் அவர் கை தானாக உயர்ந்தது. ஆள்காட்டி விரலை நீட்டி, ஒவ்வொரு சாவியாகச் சுட்டிக்காட்டி, சத்தமாகச் சொன்னார்.

"சாவி ஆறு! ஆறும் இருக்கு! சரி!"

இந்த நாட்டில் ரயில் ஓட்டுகிறவன், கிரேன் ஓட்டுகிறவன் எல்லோரும் செய்வதுதான். விரல் நீட்டி, வாய்விட்டுச் சொன்னால் தவறு வராது.

நிஷிகோரி மகாபேயிடம் திரும்பினாள். "காலையில நீங்களும் இப்படிச் சுட்டிக்காட்டி எண்ணினீங்களா?"

"எண்ணாம எப்படி மேடம்? ஆறும் இருந்தது. அப்புறம்தான் ஹீட்டரைப் போட்டேன்."

"அதுக்கப்புறம் ஹீட்டர் ஒரு நிமிஷம்கூட நிக்கலை?"

"நின்னா மணி அடிக்கும். மேல கட்டுப்பாட்டு அறையில மூணு பேருக்கும் கேக்கும். அடிக்கலை."

நிஷிகோரி மிட்டாயைக் கடித்தாள். படீரென்று உடைந்தது.

"அப்படின்னா மிஹாரு எப்படி ஆண்டெனா மேல போனா சார்?"

குரமொச்சியின் விரல் இன்னும் நீண்டபடியே இருந்தது.

"விழா நேரத்துல ஏறியிருந்தா அவ சாவியை உருவியிருக்கணும். உருவியிருந்தா ஹீட்டர் நின்னிருக்கணும். நிக்கலை. அப்ப அவ முன்னாடியே மேல இருந்திருக்கா. ஹீட்டரைப் போடறதுக்கு முன்னாடியே. மேல இருக்கறவ சாவி கீழ எப்படி வந்தது? அவளா இறங்கி வந்து மாட்டிட்டு, சாவி இல்லாம திரும்ப ஏறினாளா? நீங்கதானே சொன்னீங்க... எறும்புகூட ஏறாதுன்னு."

குரமொச்சி விரலை மடக்கிக்கொண்டார்.

"பஸ் வர்றதுக்கு முன்னாடி இங்க இருந்தது அஞ்சு பேர். மூணு பேர் மேல்மாடியில, ஒரே அறையில. மிச்சம் அவளும் நீங்களும். இவர் அப்ப மலைக்குக் கீழ, நாப்பது பேரோட பஸ்ல."

"இது... வெறும் யூகம்..."

"இல்ல சார்," என்றான் தொதோகி, வாசலில் நின்றபடி.

அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் விழாவின் மரச் சுத்தியல்.

"தலைப்பக்கம் நல்லா கழுவியிருக்கீங்க. அப்புறம் சாக்கேயில வேற முக்கியிருக்கீங்க. ஆனா கைப்பிடி செருகற ஓட்டைக்குள்ள ரத்தம் இறங்கியிருக்கு. நம்ம தடயவியல் ஆளு ரத்தம் காட்டற மருந்து அடிச்சாரு, நீலமா மின்னுது." அவன் முகம் கோணியது. "நாப்பது பேர் அந்த பீப்பாயிலதான் மொண்டு குடிச்சிருக்காங்க. நல்லவேளை, எனக்குக் கிண்ணத்தை நீட்டினப்ப வண்டி ஓட்டணும்னு சொல்லிட்டேன்."

வாசலுக்கு வெளியே, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தலைமை அலுவலகப் பெரியவர் பனியில் மண்டியிட்டு வாந்தி எடுத்தார்.

*

குரமொச்சி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்பா முகம் கழன்று விழுந்துவிட்டது. உள்ளே இருந்தது வேறு முகம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் அவர் அனுப்பிய கட்டளையில் கூட்டலுக்குப் பதில் கழித்தல். ஹயதோரி தப்பான பக்கம் எரித்துத் தள்ளிப்போயிற்று. திரும்பக் கொண்டுவர இன்னொரு பங்கு எரிபொருள். யாருக்கும் தெரியாமல் மூடினார். மிஹாரு தோண்டினாள். இன்று மேடையேறிச் சொல்லப்போவதாகச் சொன்னாள்.

காலையில் ஆண்டெனா வணங்குமா என்று கடைசியாகச் சரிபார்க்கத்தான் அவள் மேலே ஏறியிருந்தாள். விழா வேண்டாம் என்று சண்டை போட்டவள்தான். ஆனால் அந்த வணக்கம் அவள் யோசனை. விழா நடந்தாலும் நடக்காவிட்டாலும் ஹயதோரிக்கு அது சேர வேண்டும் என்று நினைத்தாள்.

"நானும் சாவி எடுத்துட்டு ஏறினேன். விளிம்புல உறைஞ்ச பனியைத் தட்ட வந்தேன்னு சொன்னேன். கையில சுத்தியல் இருந்ததே. சிரிச்சா. திரும்பினா. முடிச்சேன்."

விழா முடிந்து விருந்தாளிகள் சிவப்பரிசிச் சோற்றுப் பெட்டியைத் திறக்கும்போது நழுவி வந்து, அவள் சாவியை உருவி ஏணிக்கதவில் மாட்டிவிடுவது திட்டம். காலையில் அதைப் பலகையில் மாட்டி ஹீட்டரைப் போடவைத்ததே, விழா நேரத்தில் செத்த மாதிரி உடம்பு சூடாக இருக்கட்டும் என்றுதான். தட்டுக்குள் கிடந்தவளைக் கீழே சரித்து, வணக்கம் அதைக் கெடுத்துவிட்டது.

மகாபே மெல்ல வாயைத் திறந்தான்.

"உடனே செத்துட்டாளா சார்?"

இன்னமும் ‘சார்’ என்றுதான் கூப்பிட்டான்.

குரமொச்சி அவனை நிதானமாகப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு கருணையாவது காட்டியிருக்கலாம்.

"இல்ல. நான் ஏணியில இறங்கற சத்தம் கேட்டு முனகினா. உன் பேரைச் சொன்னா. இறங்கறது நீன்னு நினைச்சிருக்கா. அப்புறம் நீயே வந்து ஹீட்டரைப் போட்டே... அப்பகூட உயிர் இருந்திருக்கும்னு நினைக்கிறேன். கொஞ்சம் கதகதப்பா போயிருப்பா."

மகாபே கத்தவில்லை. அடிக்கப் பாயவில்லை. சுட்டுச் சிவந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். நிஷிகோரி தொதோகியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவன் கைகளுக்கு எடுத்த விலங்கு குரமொச்சியின் கைகளில் ஏறியது.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. பழைய ஆண்டெனா இன்னும் குனிந்தே நின்றது. நிமிர்த்த யாருக்கும் தோன்றவில்லை. காரை நோக்கி நடந்த குரமொச்சி சட்டென்று நின்றார்.

"ஹயதோரி? போய்ச் சேர்ந்துடுச்சா?"

கொலைகாரனுக்கு அதுதான் கவலை! அது மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டால், அவர் கணக்கு சரி, அவள் கணக்கு தப்பு. பெயராவது மிஞ்சும்.

மேல்மாடியிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். மூன்று பேரில் மூத்தவன். குரமொச்சியின் முகத்தைப் பார்க்காமல் மகாபேயிடம் போய் நின்று, இடுப்பு வளைய வணங்கினான்.

"இசுருகி சொன்னதுதான் சரி. தொட்டி வறண்டுடுச்சு. பாதி வழிகூடப் போகலை. அங்கேயே நிக்குது."

குரமொச்சி பனியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பாதி வழியில... எரிபொருள் இல்லாம..." என்று முனகினார்.

சார்ஜெண்ட் தொதோகி அவரைக் கைலாகு கொடுத்துத் தூக்கி நிறுத்தினான். காரின் பின்கதவை மிக மரியாதையாகத் திறந்துவிட்டான்.

"நீங்க கவலைப்படாம ஏறுங்க சார். நேரா ஜெயில் வாசல் வரைக்கும் போகும்... நம்ம வண்டியில டேங்க் ஃபுல்!"